மேடு ஏறிய மேஜை

மேஜைமேல் கிடந்த கருவி, யாரும் தொடாமலே உயரம் ஏறிக்கொண்டிருந்தது.

முகிலன் குனிந்து பார்த்தான். மதியம் திரையில் முப்பத்தாறு மீட்டர். இப்போது நாற்பத்தொன்று. முடிச்சூரில் இவன் குடியிருக்கும் மாடி, புயல் மழையில் நனைந்து ஐந்து மீட்டர் வளர்ந்துவிட்டதா என்ன?

மலையேறப் போகையில் எடுத்துப்போகும் ஜி.பி.எஸ். கருவி அது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும். புயல் நெருங்கி அழுத்தம் இறங்கினால், தான்தான் மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். உயரம் தெரிந்த இடத்தில் வைத்துத் திருத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். இவன் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆற்றுப் பாலத்தில் ஓர் அளவு. இன்று காலை மழையில் வாசலில் ஓர் அளவு. கழித்துப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக் கோகிலவாணியிடம் மார்தட்டினான்.

"பாலத்தை விட எட்டு மீட்டர் மேடுக்கா நாம. ஆத்துத் தண்ணி இங்க தலைகாட்டாது."

புது மனைப்பிரிவு. முன்பு இங்கே வந்த வெள்ளத்தைப் பார்த்தவர் தெருவில் யாருமில்லை. படுத்த படுக்கையான தன் அப்பா ஏகநாதனை மேட்டிலுள்ள குன்றத்தூருக்கு அழைத்துப்போக வந்த வேனை, இவன் பேச்சை நம்பித்தான் அவள் திருப்பி அனுப்பினாள்.

கீழே ஓடினான். கடைசிப் படியைக் காணோம். தண்ணீர்.

"அக்கா! அப்பாவை மாடிக்குத் தூக்கிடலாம், வாங்க!"

நாற்காலியில் உட்கார்த்தி, மூச்சிரைக்கச் சுமந்து, இவன் கட்டிலில் கிடத்தினார்கள். ஏகநாதன் இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பா. நீ இல்லேன்னா இன்னிக்கு நான் போய்ச் சேந்திருப்பேன்."

பிடித்த கை சுட்டது. பழியைக் கருவிமேல் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஐயா... வேன் திரும்பிப் போனதே என்னாலதான். சரிபார்க்காம அளந்துட்டேன். மிஷின் மேல தப்பில்ல."

முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த கோகிலவாணி நிமிர்ந்தாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"எங்கிட்ட மட்டுந்தான் சொன்னியா?"

"தெரு குரூப்ல... போட்டோவோட போட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க."

"இப்ப கரன்ட் இல்ல, டவர் இல்ல. நீ திருத்திப் போட்டாலும் எவன் குரூப் பாப்பான்? தெருக்கோடி வீட்டுத் தனம் கைக்குழந்தையோட தனியா இருக்கா. நின்னு என்ன முழிக்கிற, போ!"

தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. முதல் வீட்டு ஜன்னலை ஓங்கித் தட்டினான். ஸ்ரீநிவாசன் சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்ப்பா பதறுற? நீதானே அளந்த, எட்டு மீட்டர்! இது சும்மா மழைத்தண்ணி, வடிஞ்சிரும்."

"நான் அளந்தது தப்பு சார்! தப்பு!"

தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்று கத்தினான்.