மாடித் தொட்டியின் தற்போதைய நிலை

உலகத்தில் யாருமே பார்த்திராத ஓர் உயிரை ஆராய்ச்சிக்காரி கண்டுபிடித்தது காட்டிலோ கடலிலோ இல்லை, குடியிருந்த வீட்டின் மாடித் தொட்டியில். அந்தப் பச்சைத் தண்ணீரில் கடுகைவிடச் சின்னதாக நீர்த் தெள்ளுப்பூச்சிகள் நீந்தும். அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்கே தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அது புகுந்த பூச்சி பாலாக வெளுத்துச் செத்துப்போகும். நான்கு வருடம் நுண்ணோக்கியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். வெளிவந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உயிர் கிடைத்த இடத்தைக் கட்டுரையில் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். சொன்னாள். வீட்டுக்காரியான நாத்தனார் அதைப் படித்துவிட்டாள்.

"பதினோரு வருஷமா கழுவாத தொட்டின்னு போட்டிருக்கியே! ஊர் உலகமெல்லாம் படிக்குமே?"

"மிஞ்சிப்போனா நாற்பது பேர் படிப்பாங்க அண்ணி."

"நாற்பது பேரா!"

கட்டுரை ஆய்விதழின் நடுவரிடம் போனது. பெயரை வெளியே சொல்லாமல் ஊரார் எழுத்தில் குறை கண்டுபிடிக்கும் புண்ணியவான் அவர். வரிக்கு வரி நொட்டை சொல்லிவிட்டு, உயிருள்ள ஒட்டுண்ணியின் படம் ஆறு வாரத்துக்குள் வேண்டும் என்றார். ஆய்வகக் குப்பியில் இருந்தவை பூச்சிகளை ஒழித்துக்கட்டிவிட்டுத் தாமும் போய்ச் சேர்ந்திருந்தன. அதனாலென்ன, மாடியில் இருக்கிறதே என்று வலையோடு ஏறினாள்.

தொட்டி பளபளவென்று காய்ந்து கிடந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

"உனக்காகத்தான் ரெண்டு நாள் தேய்ச்சேன்," என்றாள் நாத்தனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "யாராவது பார்க்க வந்தா மானம் போகாது பாரு."

ஆராய்ச்சிக்காரிக்கு அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கலாம் போலிருந்தது. "அடியில இருந்த சேறு எங்கே அண்ணி?"

"வீணாக்குவேனா? முதல்லயே வழிச்சு ரோஜாவுக்குப் போட்டுட்டேன். ஏழு பூச்சட்டி."

ஒட்டுண்ணியின் வித்துகள் சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் ரோஜாவில் கை வைத்தவர்களை நாத்தனார் உயிரோடு விட்டதில்லை. ஆராய்ச்சிக்காரி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"சரி, பிடுங்கிக்கோ. ஆனா தொட்டி இப்போ சுத்தமா இருக்குன்னு அதுல எழுதணும்."

"அண்ணி, அது விஞ்ஞானக் கட்டுரை..."

"அப்போ ரோஜா இருக்கட்டும்."

பிடுங்கினாள். சேற்றைத் தண்ணீரில் கரைத்து, நோயில்லாத தெள்ளுப்பூச்சிகளை விட்டுக் காத்திருந்தாள். பத்தொன்பதாம் நாள், ஆறாவது சட்டிச் சேற்றில், ஒரே ஒரு பூச்சி வெளுத்தது. ஒரு ஜீவன் நோயில் விழுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் விசித்து விசித்து அழுதாள்.

படத்தோடு கட்டுரை திரும்பப் போனது. நடுவர் வர்ணனையைப் பாதியாக வெட்டினார். படத்தைச் சிறிதாக்கச் சொன்னார். அவள் ஆசை ஆசையாக வைத்த பெயரையும் மாற்றச் சொன்னார். பதினோரு பக்கத்தில் அவர் கை வைக்காத வரி ஒன்றுதான்: 'கிடைத்த இடம், வீட்டு மாடித் தொட்டி; தற்போது சுத்தமாக உள்ளது.'

வேலை நிரந்தரமானது. நாத்தனார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களையெல்லாம் நிற்க வைத்துப் படிக்கச் சொல்கிறாள். படித்தவர்கள் முதல் மாதத்திலேயே நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்.