இருபத்தைந்து சதவீதம்

அந்த வகுப்புக்காக மூன்று வருடம் நாயாய் அலைந்தவள் நான். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலோரச் சாலையை ஒட்டிய அரசு நடுநிலைப் பள்ளி அது. வாரத்தில் இரண்டு நாள் வந்து, மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போகும் சிறப்பாசிரியை நான். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் சும்மா கிடக்கும். தினமும் நடக்கும் சிறப்பு வகுப்பு வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு யார் போவார்கள்? மனுவுக்கு மேல் மனு போட்டேன். கடைசியில் பழைய சத்துணவுக் கிடங்குக்கு வெள்ளையடித்து, பன்னிரண்டு குட்டி நாற்காலி போட்டு, முழுநேர சிறப்பு வகுப்பாக்கித் தந்தார்கள்.

ஹாதியாவை மனதில் வைத்துத்தான் அலைந்தேன். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பில் அவள் இடம் துடைப்பத்துக்குப் பக்கத்தில். பையன்கள் அவள் டிபன் பாக்ஸில் மணலை அள்ளிப் போடுவார்கள். அவள் சோற்றோடு சேர்த்து மணலையும் தின்பாள். அவர்கள் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

புது வகுப்பில் சேர ஒரே ஒரு விதி. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று டாக்டர் எழுத வேண்டும். அதற்காகச் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். ஹாதியாவின் அம்மா பதருன்னிசா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அவளிடம் போய்த் தேதியைச் சொன்னேன்.

"டெஸ்டு வெப்பாங்களா டீச்சர்?"

"ஆமாம்மா" என்றேன். எதற்கு டெஸ்ட், என்ன டெஸ்ட் என்று விளக்காமல் கிளம்பிவிட்டேன். அன்று எனக்கு இன்னும் பதினொரு வீடு ஏற வேண்டியிருந்தது.

டெஸ்ட் என்றால் நம் ஊரில் எந்த அம்மா சும்மா இருப்பாள்? மூன்று வாரம் தையல் மெஷினை மூடிப் போட்டுவிட்டு, பதருன்னிசா மகளைத் தயார் செய்தாள். வெட்டிய துணித் துண்டுகளைக் காட்டி நிறம் கேட்டாள். சரியாகச் சொன்னால் அரைப் பேரீச்சம்பழம். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளு.

முகாமுக்கு ஹாதியா இரட்டைப் பின்னலும் புதுச் சுடிதாருமாக வந்தாள். டாக்டர் பெயர் கேட்டார், சொன்னாள். சிவப்புக் கட்டையைக் காட்டினார், "சிவப்பு" என்றாள். விரலை மடக்கி இருபது வரை எண்ணினாள். யாரும் கேட்காமலே "தேங்க்யூ சார்" என்று சலாம் வைத்தாள். பதருன்னிசாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெருமை.

"வீட்ல தானா குளிப்பாளாம்மா? டிரெஸ் போட்டுக்குவாளா?"

பின்னால் வரிசையில் அவள் தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெண் பிள்ளையின் குறையை நாலு பேர் காதில் விழுகிற மாதிரி எந்தத் தாய் சொல்வாள்? நாளைக்கு நிக்காஹ் என்று ஒன்று இருக்கிறதே.

"அல்லாம் அவளே செஞ்சுக்குவா சார். எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

ஹாதியாவுக்குப் பொத்தான் போடத் தெரியாது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பாவாடையை நனைத்துவிடுவாள். கதவு திறந்திருந்தால் நேரே பஸ் ஓடும் சாலைக்கு நடப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டாக்டர் என் அறிக்கையைப் புரட்டினார். "டீச்சர், மூணு வருஷமா 'நல்ல முன்னேற்றம்'னு எழுதியிருக்கீங்களே?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எழுதுவேன். முன்னேற்றம் இல்லையென்றால் நீ என்ன கிழித்தாய் என்று மேலே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் மூன்று வருட அறிக்கையும் பொய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. "ஆமாம் சார்" என்றேன். என்னைப் போல் ஒரு கோழை இருக்க முடியாது.

டாக்டர் இருபத்தைந்து சதவீதம் என்று எழுதினார்.

"நல்ல சேதிதானம்மா, பொண்ணு நல்லா கீதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றார் கூட வந்திருந்த எங்கள் தலைமையாசிரியர் உலகநாதன். பதருன்னிசா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். மற்றவர்களில் ஒன்பது பேருக்கு இடம் கிடைத்தது. மூன்று நாற்காலி காலியாகவே இருந்தது.

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் பூங்கொத்தோடு ஓர் இடத்தில் நிற்கவில்லை. உலகநாதன் என் காதருகே வந்து, "அந்த சலாம் வெக்கிற பொண்ண இட்டுக்கினு வாம்மா" என்றார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். ஹாதியா பூங்கொத்தைக் கொடுத்து "தேங்க்யூ சார்" என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு அவள் உள்ளே போய் ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். இரண்டு பேர் தூக்கினார்கள். பிடித்த பிடி விடாததால் நாற்காலியும் கூடவே வந்தது. விரல் விரலாகப் பிரித்துத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பூங்கொத்துப் போட்டோவைப் பெரிதாக்கிச் சிறப்பு வகுப்பின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து, மறு மதிப்பீடு உண்டு என்று கடிதம் வந்தது. இந்தத் தடவை எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் யாரோ விளக்கியிருந்தார்கள். தையல் மெஷின் மூடிக் கிடந்தது. தரையில் துணித் துண்டுகள், ஒரு கிண்ணத்தில் பேரீச்சம்பழம்.

"இது இன்னா கலரு?" பதருன்னிசா சிவப்புத் துண்டைக் காட்டினாள்.

"சிவப்பு."

"நீலம்னு சொல்லுடி!" கிள்ளினாள்.

ஹாதியா தொடையைத் தேய்த்துக்கொண்டு துண்டை மறுபடி உற்றுப் பார்த்தாள். "சிவப்பு" என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினாள். நீட்டிய கையில் அடி விழுந்தது.

"காலீலேர்ந்து இதேதான் டீச்சர். மறக்கவே மாட்டேங்குது. நீங்களாச்சும் சொல்லுங்க."

அந்தச் சிவப்பு நாற்காலி இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? தரையில் உட்கார்ந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன்.

"ஹாதியா, இது நீலம்மா."

அவள் துணியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நீலம்" என்று உடனே சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.