சமையலறை ஜன்னலுக்கு எதிரில்

இத்தோமன் என்ற அந்த மீனவ ஊரின் கடற்கரையில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வீட்டு முற்றமும் கடலும் ஒன்றாய் மிதந்துகொண்டிருந்தன. ஃபுமி வெறுங்காலோடு நடுவில் நின்றாள். கராத்தே மாஸ்டராக இருந்த கணவர் சோகென் போய்ச் சேர்ந்தபின் இன்றுதான் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒன்று, ஃபுமி சொல்லித் தர வேண்டும். இல்லையென்றால் இந்தப் பயிற்சி முற்றத்துக்கு மூடுவிழா.

அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விடியலில் சோகென் தனியாகப் பயிற்சி செய்வார். அரிசி களைந்தபடி இவள் ஜன்னல் வழியே பார்த்து, அடுப்படியிலேயே கைகால் வீசுவாள். பாதி நாள் சோறு குழைந்துபோகும். மனிதர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சதச் செஞ்சு காட்டுங்க அண்ணி," என்றார் பஸ் டிரைவர் க்யான்.

செய்தாள். தூக்கத்தில் நடப்பதுபோல் உடம்பு தானாகவே போனது. முடித்ததும் மீன்கடை ஊஷி சிரித்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி! வலது கை வரவேண்டிய இடத்துல எல்லாம் இடது கை வருதே!"

"கண்ணாடியப் பாத்துக் கத்துக்கிட்ட மாதிரி இருக்கு," என்றார் க்யான் தயக்கமாக.

ஃபுமிக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷமும் தப்பாகவே ஆடியிருக்கிறாள். அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அண்ணி, நில்லுங்க," என்றார் க்யான். "எங்களையெல்லாம் கடலப் பாத்துத்தான் நிக்க வைப்பாரு. தனியா செய்யறப்ப மாஸ்டர் எங்க பாத்து நிப்பாரு?"

"ஜன்னலப் பாத்து..." அவள் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தாள். "அந்தக் கடைசித் திருப்பத்த மட்டும் தினமும் ரெண்டு தடவ செய்வாரு. முழங்கால் வலின்னு நெனச்சேன்."

"மாஸ்டருக்கா முழங்கால் வலி?" என்றாள் ஊஷி. "நல்லா நெனச்சீங்க போங்க! உங்களுக்கு வரலைன்னுதானே திரும்பச் செஞ்சிருக்காரு, கள்ளன்!"

ஃபுமி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனிதர் என்று கோபமும் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு வாயால சொல்லித் தரத் தெரியாது. எதிர்ல நிப்பேன். பாத்துச் செய்யுங்க."

அவள் இடது கை எழுந்தது. எதிரே அவர்களுடைய வலது கைகள் எழுந்தன. யாருக்கும் குழப்பம் வரவில்லை. மூட்டத்துக்குள் எல்லோரும் மெல்ல நகர்ந்தார்கள்.

கடைசித் திருப்பத்தில் ஊஷி தடுமாறினாள். ஃபுமி எதுவும் சொல்லாமல் அதை இன்னொரு தடவை செய்தாள்.