பாண்டிச்செல்வியின் இரண்டு வருஷம்

1

இந்தக் கதை வந்தது ஒரு காலிப் பக்கத்தால். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம், 2008 அக்டோபரில், ஆய்வுப் பட்டம் முடித்தவர்களுக்கு விருதுநகரில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கல்லூரி வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, நேர்காணலில் எப்படி உட்காருவது, முதல் வகுப்பை எப்படி எடுப்பது என்று. நடத்தியவர் ஜெயசுந்தர் சார். நான் குறிப்பெடுக்கும் ஆள். எம்.எஸ்ஸி. வேதியியல், மேடையில் பேச வராது, எழுத வரும். என் குறிப்புகள் சிவகாசியில் கையேடாக அச்சாகின்றன. முப்பத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

அச்சகத்து சண்முகவேல் அண்ணன் ஃபோனில் சொன்னார்: “டைரி சீசன் மேடம். மிசின நிப்பாட்டி வைக்க முடியாது. நாளைக்குக் காலைல மேட்டர் வரலைன்னா அங்கன ஒரு காலண்டரப் போட்டு ஓட்டிருவேன்.”

ஜெயசுந்தர் சார் காலண்டர் வேண்டாம் என்றார். பயிற்சிக்கு வந்த பாண்டிச்செல்விக்கு வேலை கிடைத்துவிட்டதாம். அவளைப் பற்றி ஒரு வெற்றிக் கதை எழுது என்றார்.

2

முதல் தொடக்கம்: விஸ்வநத்தத்தில் பட்டாசுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, விடாமுயற்சியால்

(வேண்டாம். இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம்.)

இரண்டாம் தொடக்கம்: “பச்சை மத்தாப்பு ஏன் பச்சையாக எரிகிறது?” என்று நேர்காணலில் கேட்டபோது

(அப்படி யாரும் கேட்கவில்லை. பச்சை நிறம் தரும் பேரியத்துக்குப் பதிலாக வேறு எதைப் போட்டால் பச்சை வரும் என்பதுதான் அவளுடைய ஐந்து வருஷ ஆய்வு. போன நேர்காணல்களில் எல்லாம் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள்.)

மூன்றாம் தொடக்கம் உண்மை. பயிற்சியின் இரண்டாம் நாள் ஒத்திகை நேர்காணலில் நான் தேர்வுக் குழுவாக உட்கார்ந்தேன். எதிரில் அவள். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். “இல்லை, எங்கேயும் பார்க்கவில்லை” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ‘இல்லை’ என்று பதிலைத் தொடங்கக் கூடாது என்று ஜெயசுந்தர் சார் திருத்தினார்.

இந்தக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஆறாவது குறிப்பு அதுதான். எழுதியவள் நான்.

3

இன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். வெற்றியைப் பற்றிக் கேட்டேன். அது நாளைக்குத்தான் தெரியும் என்றாள்.

[ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன்] பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரி. எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருக்கிறது. நாளை பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருகிறது. டாக்டர் பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் உள்ள ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். இருக்கிறார்: பாண்டிச்செல்வி, 2006 ஜூனில் சேர்ந்தவர். இரண்டு வருஷ வருகைப் பதிவேட்டையும் அலுவலகத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் விடுப்புகூடக் கொடுத்திருக்கிறார்கள். கதை எழுதுகிறவளுக்கே பொறாமை வரும் விவரம்.

அவள் அந்தக் கல்லூரிக்குள் இதுவரை ஒரே ஒரு முறை போயிருக்கிறாள், சான்றிதழைக் கொடுக்க.

குழு கேட்டால் இரண்டு வருஷம் என்று சொல்ல வேண்டும். சொல்லி அனுமதி கிடைத்தால், வருகிற ஜூனில் நிஜமான வேலை. சொல்லாவிட்டால் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. வேறு அழைப்பு எதுவும் வரவில்லை.

“நீங்க என்ன சொல்வீங்க?” என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

4

அதற்குள் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. அவளுடைய அம்மா வேலுத்தாய் இறங்கி வந்தார். முழங்கை வரை அலுமினியத் தூள். வாசலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே, சாப்பிட்டீகளா என்று என்னைக் கேட்டுவிட்டு மகளிடம் சொன்னார்:

“ஏ செல்வி, கேட்டதுக்கு மட்டும் பதிலச் சொல்லு. கண்ணப் பாக்காத, மூக்கப் பாரு. பாக்குறவுகளுக்குக் கண்ணப் பாக்குற மாதிரியே இருக்கும்.”

அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை. அப்போது வேலுத்தாய்க்குப் பதினொரு வயது, அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து வயது கேட்டால் பதினைந்து என்று சொல்லச் சொன்னார்களாம். சொன்னார். ஆய்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பதினைந்து என்று எழுதிக்கொண்டார்.

“அவருக்குத் தெரியாதாக்கும்?” என்றார் வேலுத்தாய். “ஏங்கையில பொம்மை வளையல். எழுதிட்டுப் போயிட்டாரு. அந்த வயசே ரேசன் கார்டுல ஏறி, கம்பெனி வரைக்கும் வந்துருச்சு. இன்னைக்கும் எனக்கு நாலு வயசு கூடத்தான் ஓடுது. நாலு வருசம் முன்னாடியே வீட்டுக்குப் போன்னுருவாக.”

“பெறகு என்னைய எதுக்குச் சொல்லச் சொல்ற?” என்றாள் மகள்.

“நீ சொல்லாட்டி அங்கன வேற புள்ளையக் கொண்டாந்து நிப்பாட்டிருவாக.”



(இந்த அம்மா மீது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மகளின் கதைக்குத் தேவையான கதையை இவ்வளவு சரியாக வைத்திருக்கும் அம்மாவை நானே உண்டாக்கியிருந்தால் கோடு போட்டு நீக்கியிருப்பேன். ஆனால் அவர் சொன்னார். கை கழுவிய தண்ணீர் வெள்ளியாக ஓடியது. அதை வர்ணிக்கப் போவதில்லை.)

5

முடிவுகள்.

அ) இரண்டு வருஷம் என்கிறாள். ஜூனில் வேலைக்குச் சேர்கிறாள். அடுத்த வருஷம் வேறொரு வகுப்புக்காக வேறொரு பெண் வந்து நிற்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது

ஆ) நாளைதான் முதல் நாள் என்கிறாள். (‘இன்றுதான்’ என்றுதான் சொல்வாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது.) அவள் வெளியே வந்து பேருந்துக்கு

இரண்டையும் முடிக்க முடியவில்லை. நாளை பத்து மணி இன்னும் வரவில்லை. சண்முகவேல் அண்ணனுக்குப் பக்கம் அதற்கு முன்பே போக வேண்டும்.

6

பாண்டிச்செல்வி அவள் பெயர் இல்லை. பேரியமும் பேரியம் இல்லை. மாற்றாமல் விட்டது காய்ச்சல் விடுப்பை மட்டும்.

ஜெயசுந்தர் சார் இதை எடுத்துவிட்டால் இந்த இடத்தில் 2009ஆம் வருஷத்துக் காலண்டர் இருக்கும். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அவர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கையேடு கல்லூரிகளுக்குத்தான் போகிறது. உங்களில் சிலர் அப்படிப்பட்ட குழுக்களில் போகிறவர்கள். அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். அவள் சொல்லப்போகும் பதிலை அல்ல. அதை அவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் எழுதப்போவதை.

மேசையில் தேநீரும் முந்திரியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கையில் ஆசிரியர் பட்டியல். எத்தனை வருஷமாக இங்கே வேலை பார்க்கிறீர்கள் அம்மா என்று கேட்டுவிட்டீர்கள். பேனாவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

அவள் உங்கள் மூக்கைப் பார்க்கிறாள்.