யாரும் சொல்லாத பத்தியம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கெடட்டும்.

2005ஆம் வருடம், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவீர்கள். என் மாமாவின் ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வேப்பந்தட்டையிலிருந்து வந்த தம்பதி. மனைவியை அம்சவள்ளி என்றும் கணவரை அய்யம்பெருமாள் என்றும் வைத்துக்கொள்வோம். அவளுக்கு மார்பில் புற்றுநோய். சிவப்பாக இருக்கும் புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்ள வந்தவளை, ரத்தம் குறைவு, எடையும் குறைந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் தேறி வந்தால்தான் மருந்து. இப்படியே தள்ளிப்போனால் கட்டி சும்மா இருக்காது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

2

கதையை எங்கே தொடங்குவது?

'அம்சவள்ளி பஸ் ஜன்னலோரம் அமர்ந்து, தொலைவில் நீலமாய்த் தெரிந்த பச்சைமலையை ஏக்கத்தோடு...'

அடித்துவிட்டேன். வாயெல்லாம் புண்ணாக இருப்பவள் மலையைப் பார்க்கமாட்டாள். அடுத்த வாய் எச்சிலை எப்படி விழுங்குவது என்றுதான் யோசிப்பாள்.

'புற்றுநோய் என்பது உயிரணுக்களின் கட்டுப்பாடற்ற...'

இதுவும் வேண்டாம். இதை ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் தூங்கினார்கள்.

நடந்ததையே எழுதுகிறேன். அய்யம்பெருமாள் கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்தார். அவள் சட்னியை ஒதுக்கினாள், சாம்பாரை ஒதுக்கினாள், அவித்த முட்டையை அவர் பக்கமே தள்ளினாள். வெறும் இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள்.

"வாய்ப்புண்ணுக்குக் காரம் ஆவாதா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான் சார். ஆனா இது பத்தியம்."

"டாக்டர் சொன்னாரா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டருக்குத் தெரியாது. எந்தம்பி ஒரு பொடி குடுத்திருக்கான். அதுக்கு."

3

தம்பியின் பெயர் தமிழ்மாறன். அரியலூர் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வருடங்களில் வாத்தியார்கள் பலரும் செய்ததைப்போல அவரும் ஒரு சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்திருந்தார். ஆளைச் சேர்த்தால் ஆள் சேர்ப்பான், மேலே ஏறலாம். விற்பது ஒரு பச்சைப் பொடி. டப்பாவில் பெரிய எழுத்தில் 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்று போட்டிருக்கும்.

இவரை வில்லனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். கழுத்தில் டை, கையில் தோல்பை, அக்காவின் நோயிலும் வியாபாரம் என்று ஒரு பக்கம் எழுதியும் முடித்தேன்.* பிறகு அம்சவள்ளி சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காவிடம் அவர் காசு வாங்கவில்லை. டப்பாவை நீட்டியபோது அழுதிருக்கிறார்.

"அக்கா, இந்தச் செவப்பு மருந்து நல்லதையும் சேத்து எரிக்குதுக்கா. இது அந்த எரிச்சல அமத்தும். மீட்டிங்குல ஒரு டாக்டரே வந்து சொன்னாரு."

"இங்கிலீஷ் மருந்தோட சாப்புடலாமா தம்பி?"

"தாராளமா சாப்புடலாம். உனுக்கு நான் கெட்டதச் சொல்லுவனா?"

கெட்டதைச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னார். அந்த மீட்டிங்கில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவர் என்ன டாக்டர், எதற்கு டாக்டர் என்று ஒரு வாத்தியாருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

(* அந்தப் பக்கம் நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட மனசு வரவில்லை. இருந்தும் கிழித்தேன்.)

4

பத்தியத்துக்கு வருவோம்.

"தம்பி பத்தியம் இருக்கச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல சார். பத்தியம் இல்லாம ஒரு மருந்து எப்புடி வேல செய்யும்? மஞ்சக்காமாலைக்கி மருந்து குடிச்சப்பவும் உப்பு, புளி, முட்ட, கருவாடு எதையும் தொடல. அதே மாரிதான் இதுக்கும்."

அய்யம்பெருமாள் குறுக்கிட்டார். "நானும் சொல்லிப் பாத்துட்டேங்க. இட்லி மாவுல இருக்குற உப்பு கணக்கில்லையாம், கஞ்சியில மட்டும் உப்புப் போட வுட மாட்டேங்குறா. ஒரு முட்ட தின்னுட்டா பொடி வேல செய்யாமப் போயிருமாம்."

"பொடிக்கு வாய்ப்புண்ணு கொஞ்சம் கேட்டிருக்குல்ல?" என்றாள் அவள், அவரைப் பார்த்து. "அத நான் கெடுத்துக்கணுமா?"

அவர் முட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

டப்பாவில் போடாத பத்தியம், தம்பி சொல்லாத பத்தியம், டாக்டருக்குத் தெரியாத பத்தியம். புற்றுநோய் மருந்து ஒரு பக்கம் உடம்பை உலுக்க, உப்பில்லாத கஞ்சியில் இவள் காய்ந்துகொண்டிருக்கிறாள். ரத்தம் குறைந்தது மருந்தாலா, பட்டினியாலா, இரண்டாலுமா என்று யார் சொல்வது? எடை குறைந்ததை எழுதிய நர்ஸம்மா, 'என்ன சாப்பிடுறீங்க?' என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியில் வந்திருக்கும். கேட்கவில்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லிருக்கலாமே?"

"முந்தி ஒரு அம்மா நாட்டு மருந்து திங்கிறேன்னு சொல்லிருச்சு. அப்ப அங்கயே போயி வைத்தியம் பாத்துக்க, இங்க எதுக்கு வரேன்னு கத்துனாரு. அந்த அம்மா அதுக்கப்புறம் வரவே இல்ல சார். எனக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டக் கிழிச்சிட்டா எங்க போவேன்?"

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கட்டுரை எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் ஆறாம் பகுதிக்குத் தாவலாம்.

பிறகு எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தச் சிவப்பு மருந்து புற்றணுக்களைக் கொல்லும் வழிகளில் ஒன்று, உடம்புக்குள் சில முரட்டுத் துகள்களைக் கிளப்பிவிடுவது. அவை இதயத்தையும் தாக்கலாம், வேறு நல்ல திசுக்களையும் தாக்கலாம். ஆன்ட்டி ஆக்சிடன்ட் அந்த முரடர்களை அடக்கக்கூடியது. அப்படியானால் அதைக் கொடுத்தால் வேதனை குறையுமே என்று ஒரு சாரார் ஆராய்ந்தார்கள். குறைந்தது என்றும் சிலர் எழுதினார்கள். இன்னொரு சாரார், அது நல்ல அணுவைக் காக்கும்போது புற்றையும் சேர்த்துக் காத்துவிட்டால் என்ன செய்வது என்று எச்சரித்தார்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த மருந்தோடு, எந்த நாளில் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும் போலிருக்கிறது. சுருக்கமாக, முடிவு தெரியவில்லை.

தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபமில்லை. அது கௌரவமான பதில். அந்தப் பதிலை வேப்பந்தட்டைக்காரிக்குச் சொல்லலாம், அவளுக்குப் புரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் கோபம். பொடி கொடுத்தவர் 'தாராளமாக' என்றார். படித்தவர் 'வெளியே போ' என்றார். அவள் நடுவில் நின்று தானாக ஒரு பத்தியத்தை ஏற்படுத்திக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

6

அன்று பெரம்பலூர் வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். "முட்டையையும் உப்பையும் விடாதீங்க, பொடியப் பத்தி டாக்டர்கிட்டக் கேட்டே ஆவணும்" என்று பாடாலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நான் யார்? வராந்தாவில் கிடைத்த ஆள். பெரம்பலூரில் நான் இறங்கிக்கொண்டேன், அவர்கள் வேப்பந்தட்டை பஸ்ஸுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆகவே முடிவு என் கையில்.

முடிவு ஒன்று: பொடி அவளைக் காப்பாற்றியது. இதை எழுதினால் அந்தக் கம்பெனி அச்சடித்து மீட்டிங்கில் வினியோகிக்கும்.

முடிவு இரண்டு: பொடியால் மருந்து வேலை செய்யாமல் அவள்... இதை எழுதினால் அந்த டாக்டர் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். எங்கே சொன்னார்? கத்தினார்.

இரண்டையும் எழுதமாட்டேன். அவரவர் வழக்குக்குச் சாட்சி சொல்ல அம்சவள்ளி நேர்ந்துவிடப்பட்டவள் இல்லை.

7

மூன்றாவது இது. அடுத்த வாரம். டாக்டரின் அறை. நோயாளிக்கென்று அங்கே ஒரு ஸ்டூல் உண்டு; அதன்மேல் கட்டுக்கட்டாக ஃபைல்கள். எல்லோரும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள். அம்சவள்ளியும் நிற்கிறாள். வெளியே வரிசை கதவைத் தள்ளுகிறது. அவள் முந்தானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைக்கிறாள்.

"ஏ புள்ள, வேணாம்" என்கிறார் அய்யம்பெருமாள் மெதுவாக.

"இருங்க. சார், இதத் திங்கிறேன். பயந்துகிட்டுத்தான் மறைச்சேன். திட்டுங்க, திட்டாதீங்கன்னு சொல்லல. ஆனா சீட்டக் கிழிச்சிராதீங்க. வாய்ப்புண்ணு தாங்க முடியாமத்தான் தின்னேன் சார். இது நல்லதா, கெட்டதா? உங்களுக்கே தெரியலன்னா, தெரியலன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன நான் இருந்துக்கிறேன்."

டாக்டர் நிமிர்கிறார்.

அவருடைய பதிலைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். 'இங்க பாரும்மா, இந்தப் பொடி...' என்று தொடங்கும், அதற்குமேல் நகராது. அப்படி ஒரு பதிலை ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட்காத குரலை எப்படி எழுதுவது? அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் டாக்டராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால், தயவுசெய்து, அந்த ஃபைல்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவளை உட்காரச் சொல்லுங்கள்.