நிம்மி சாத்தும் கதவு

பதினாறு வயது என்றால் எப்படியிருக்கும் என்று விஜயராணிக்குச் சொல்லிக்கொடுத்தவள் நிம்மி. நிம்மி உயிருள்ள பெண் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில், நான்கு கட்டங்களுக்குள் வந்துபோகும் படக்கதைப் பெண். படக்கதைக்கு 'ஆறாவது பீரியட்' என்று பெயர். விஜயராணி சாத்தூரை விட்டுத் திருப்பூர் மண்ணரைக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று. நிம்மி அப்போதே பிளஸ் ஒன். இவள் வளர்ந்து அவளை எட்டிப் பிடித்து, தாண்டிப் போய், பாண்டித்துரையைக் கட்டி, வேல்விழியைப் பெற்று, அந்த வேல்விழியே பத்தாவது முடித்துவிட்டாள். நிம்மியின் டேப் ரிக்கார்டர் போய்ச் செல்போன் வந்ததே தவிர, ஆள் இன்னும் பிளஸ் ஒன்தான். பாஸும் ஆக மாட்டாள், பெயிலும் ஆக மாட்டாள். கொடுத்து வைத்த மகராசி.

நிம்மி வாரம் தவறாமல் ஒரு வார்த்தை சொல்லுவாள்: "போரடிக்குது." அந்த வயதில் காலையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ராத்திரி எட்டரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து தட்டிலேயே தூங்கிப்போன விஜயராணிக்கு அது பெரிய அதிசயம். ஒரு பெண் பிள்ளைக்குப் போரடிக்கக்கூட நேரம் கிடைக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு படிப்பாள். அதைவிடப் பிடித்தது மூன்றாவது கட்டம். அம்மா ஏதாவது சொல்லுவாள், நிம்மி தன் அறைக்குள் போய்க் கதவை 'டமார்' என்று சாத்துவாள். அந்த டமாரைப் படிக்கும்போது விஜயராணிக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருக்கும். சூப்பர்வைசர் மூஞ்சியில், முதலாளி மூஞ்சியில், சீக்கிரம் கல்யாணத்தை முடித்து வைத்த மாமன் மூஞ்சியில் அவள் சாத்த முடியாத கதவையெல்லாம் நிம்மி சாத்திக்கொடுத்தாள்.

இப்போது அவள் வீட்டிலேயே ஒருத்தி சாத்திவிட்டாள். கதவைச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, வாயைச் சாத்திவிட்டாள்.

எல்லாம் ஒரு ஸ்டிக்கரால் வந்த வினை. விஜயராணிக்குச் செக்கிங்கில் வேலை. பனியனை விரித்துப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒட்டி ஒட்டிக் கைக்கு அதுவே புத்தியாகிவிட்டது. கடைசிப் பள்ளிக்கூட நாள் காலையில் மகளின் யூனிபார்மைத் தேய்த்தவள், சட்டைக் கையின் ஓரத்தில் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்தாள். புடவையில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து அந்த இடத்தில் ஒட்டினாள். இரண்டு தையல் போடலாம் என்று ஊசியைத் தேடும்போது பால் பொங்கிவிட்டது. அவ்வளவுதான், மறந்துபோனாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வேல்விழியும் பார்க்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து வகுப்பு போட்டோ. வேறு ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. திருப்பூரில் பாதிப் பிள்ளைகள் பனியன் கம்பெனிப் பிள்ளைகள். அம்பு ஸ்டிக்கர் என்றால் பழுது பீஸ் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். "ஏய், இந்தப் பீஸு ரிஜெக்ட்டு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள், சாயங்காலம் பஸ் ஏறுகிற வரைக்கும் விடவில்லை. போட்டோவிலும் முன்வரிசையில் வேல்விழியின் கையில் அம்பு பளிச்சென்று விழுந்திருந்தது.

அன்றிலிருந்து அம்மாவிடம் பேச்சு இல்லை. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பரீட்சை முடிந்தது, ரிசல்ட்டும் வந்தது. நல்ல மார்க். மார்க் வந்த அன்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள்: "நான் சாத்தூர்ல சித்தி வீட்ல இருந்து பிளஸ் ஒன் படிக்கேன்." பாண்டித்துரை கட்டிங் மாஸ்டர். துணியில் கத்தி வைக்கத் தெரிந்த அளவுக்கு மகள் பேச்சில் கத்தி வைக்கத் தெரியாதவன். சரி என்று சொல்லிவிட்டான். திங்கட்கிழமை டி.சி. வாங்கப் போக வேண்டும்.

ஞாயிறு காலையில் அவள் வழக்கம்போலப் பேப்பர் வாங்க லைன் வீடுகளின் சொந்தக்காரம்மா முத்தாத்தாளிடம் போனாள்.

"ஏன் கண்ணு, புள்ள மொகத்தத் தூக்கி வெச்சுட்டே இருக்குதாட்ட இருக்குது?" என்றாள் முத்தாத்தாள்.

"பேச மாட்டேங்காக்கா. ஊருக்குப் போறேன்னு நிக்கா."

"எம் பையன் தரணியும் அந்த வயசுல அப்படித்தான் கண்ணு. ரூம்புக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான்னா பொழுதுக்கும் தெறக்க மாட்டான். நாந்தான் சோத்துத் தட்டத் தூக்கிட்டு நின்னு தட்டிக்கிட்டே கெடப்பேன்."

"எங்களுக்குத் தட்டுறதுக்குக் கதவு எங்கக்கா இருக்கு?"

"அதுக்கு நானென்ன பண்டறது? ஒத்த ரூம்பு ஊட்டுக்கு ஒரு கதவுதான் வெக்க முடியும்" என்று முத்தாத்தாள் பேப்பரைக் கொடுத்தாள். வீட்டைப் பற்றிக் குறை சொல்லிவிட்டாளோ என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

விஜயராணி நடையிலேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாவது கட்டத்தில் டமார். நான்காவது கட்டத்தில், சாத்திய கதவுக்கு வெளியே தட்டை வைத்துக்கொண்டு நிம்மியின் அம்மா கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் விஜயராணி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். நன்றாக வேண்டும் கிழவிக்கு என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. முதுகும் கொண்டையும் மட்டும் தெரிகிறது. முகத்தை வரையவில்லை, படம் போட்ட படுபாவி. விஜயராணிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. படக்கதையைப் பார்த்து அழுகிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். பாண்டித்துரை கறி வாங்கப் போயிருந்தான். வீடென்றால் ஒரே அறை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, அந்த மூலையை வேல்விழி தன்னுடையது என்று வைத்திருந்தாள். மற்ற நாளாயிருந்தால் விஜயராணி சேலையை விலக்கிக்கொண்டு, "சடையை ஒழுங்காப் பின்னலையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாள். இன்றைக்கு இரண்டு தோசையைச் சுட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு சேலைக்கு முன்னால் நின்றாள். தட்ட வேண்டும். சேலையை எப்படித் தட்டுவது? கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பீரோவை விரல் மடக்கித் தட்டினாள்.

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு, "யாரு?"

"நாந்தான். அம்மா."

"எதுக்கு பீரோவத் தட்டுற?"

"உள்ள வரலாமான்னு கேக்கத்தான்."

"இது என்ன புதுசா?"

"நிம்மியோட அம்மா அப்படித்தான் கேக்கா."

"நிம்மிக்குத் தனி ரூம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? உன் கிழிஞ்ச சேலை இருக்கு." குரல் உடைந்தது. உடைந்த பிறகு நிற்கவில்லை. "ஏம்மா, என்னையப் பாத்தாலே உனக்குப் பழுதுதான் தெரியுமா? சடை சரியில்ல, நகம் அழுக்கு, நடை சரியில்ல. நானூறுக்கு மேல மார்க் வாங்கிட்டு வந்தேன். கணக்குல ஏன் கொறைஞ்சிச்சுன்னு கேட்ட. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லிருக்கியா? ஸ்டிக்கர் ஒட்டுனது நீ மறந்து செஞ்சதுதான். ஆனா நீ எப்பவும் அதத்தான செய்யுற."

விஜயராணி தட்டோடு நின்றாள். மகள் சொன்னதெல்லாம் நிஜம்.

"கம்பெனியில நல்ல பீஸப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க புள்ள" என்றாள் கடைசியில். "கை தன்னால எடுத்து அடுக்கிரும். பழுதுன்னாதான் வாயத் தெறப்போம். எனக்கு அதே பழகிப் போச்சு. நல்லாருக்கிறதச் சொல்லணும்னே எனக்குத் தெரியல. என்கிட்டயும் யாரும் சொன்னதில்ல."

சேலைக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உன் வயசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அந்த வயசுல நான் மிசினுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுலயும் அந்தப் பொண்ண மட்டுந்தான் பாத்தேன், அம்மாக்காரியப் பாக்கல." அவள் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "மார்க்கு நல்லாருக்கு, வேலு. ரொம்ப நல்லாருக்கு. கம்பெனி பூராவும் சொல்லிட்டேன், உன்கிட்டதான் சொல்லல."

தோசை ஆறிப்போனது.

"இன்னொரு தடவ தட்டு" என்றாள் வேல்விழி.

விஜயராணி தட்டினாள்.

"வராத."

விஜயராணி சேலையைத் தொடவில்லை. தட்டைச் சேலையோரத்தில் வைத்துவிட்டு, பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வராதே என்று சொல்கிற உரிமை அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை, அவளுக்கே இருந்ததில்லை. மகளுக்குக் கிடைத்துவிட்டது என்று நினைக்க நினைக்க மனசு நிறைந்தது. நாளைக்கு ஊருக்குப் போனாலும் போகட்டும், இதையாவது கொண்டுபோகட்டும் என்று தோன்றியது.

பாண்டித்துரை கறிப்பையோடு வந்தான். "என்ன இங்கன உக்காந்திருக்க?"

"புள்ள உள்ள வராதன்னு சொல்லிருக்கா."

"அதுக்கு எதுக்குச் சிரிக்க?"

அவள் பதில் சொல்வதற்குள் சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, நாளைக்கு டி.சி. வாங்கப் போக வேண்டாம்."

"ஏன் சாமி, சித்தி வீடு பெரிய வீடுதான? தனி ரூமே தர்றேன்னுச்சே."

"தருவாங்க. அங்க யாரு தட்டப் போறா?"

பாண்டித்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தான். சேலைக்குக் கீழிருந்து ஒரு கை நீண்டு வந்தது. தோசைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது.