டிசம்பர் கிடா

கண்ணுகளா, அடுப்புக்குப் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள். அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடியில், எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

சாகக் கிடந்த அப்பாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த ஐலாவின் கை சட்டென்று நின்றது. மூச்சைக் காணோம். பிறகு, எங்கோ தடுக்கி விழுந்து எழுந்ததுபோல அது திரும்பி வந்தது.

"அப்பா, வேட்டுப் போட்டுத் தம்பியைக் கூப்பிடட்டா?"

கிழவர் உர்ஹோ கண்ணைத் திறக்கவில்லை. "வேணாம். வெடிச்சா மானெல்லாம் ஓடிப்போயிடும்."

தம்பி ரெய்னோ வயலுக்கு அப்பால், தேவதாரு மரத்தில் மான் வேட்டைக்குக் கட்டிய பரணில் இருந்தான். மத்தியானம் போகமாட்டேன் என்று நின்றவனைக் கிழவர்தான் விரட்டினார்.

"நவம்பர்ல சினை பிடிக்காத பெட்டை மான் இப்ப மறுபடி பருவத்துக்கு வரும். இந்த வருஷக் குட்டியில கொழுத்ததும் வரும். கிடா மான் அது பின்னாடியே வந்துதானே ஆகணும். இங்க என் மூஞ்சியில என்னடா பாக்குற, கொம்பா முளைச்சிருக்கு?"

"கொம்பு இருந்தா எப்பவோ சுட்டிருப்பேனே" என்றான் ரெய்னோ. கிழவர் சிரிக்கப் பார்த்து இருமினார். அவன் போனான்.

இப்போது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. அவன் வருமுன் போய்விடாதீர்கள் என்று ஐலா மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்து மூன்று வேட்டு போட்டால், அந்தக் காட்டில் யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓடி வருவார்கள். அப்பா திட்டினால் திட்டட்டும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

வயலின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டை நின்றது. வெள்ளை வாலை ஒருபக்கமாக ஒதுக்கியிருந்தது. அதன் தடத்தில் மூக்கைப் பதித்தபடி கிடா வந்தது. நவம்பர் முழுக்கப் பெட்டைகள் பின்னால் ஓடி ஓடி இடுப்பு ஒட்டிப்போயிருந்தது, ஒருபக்கக் கொம்பு முறிந்திருந்தது. தொண்டைக்குள் உறுமிக்கொண்டே ரெய்னோவின் மரத்தை நோக்கித்தான் போயிற்று.

மான் கண்ணில் பட்டால் அசையக்கூடாது என்று நடை பழகிய வயதிலேயே அவள் உடம்புக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஐலா அசையவில்லை. தாண்டிப் போகட்டும், உடனே சுடலாம் என்று நினைத்தாள். பெட்டை அவசரப்படவில்லை. நின்றது, திரும்பிப் பார்த்தது, இரண்டடி நடந்தது, மறுபடி நின்றது.

கடைசியில் இரண்டும் மரங்களுக்குள் மறைந்தன. துப்பாக்கியைத் தூக்கப் போனவளுக்கு வீட்டின் அமைதி உறைத்தது. உள்ளே ஓடினாள்.

அப்பாவின் உதட்டு ஈரம்கூடக் காயவில்லை, மூச்சு நின்றிருந்தது.

பாதி திறந்திருந்த அவர் கண்களை மூடிவிட்டு, போர்வையை மோவாய்வரை இழுத்துவிட்டாள். காட்டிலிருந்து வேட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகுதான் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ரெய்னோ..."

"இரு அக்கா, முதல்ல அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்." அந்த வீட்டில் யார் பரணிலிருந்து இறங்கி வந்தாலும், கோட்டைக் கழற்றுமுன் பார்த்ததையெல்லாம் கிழவரிடம் சொல்லியாக வேண்டும். அவன் கட்டிலருகே குந்தினான். "நீங்க சொன்னபடியே வந்துச்சுப்பா. குட்டிப் பெட்டைதான் கூட்டிட்டு வந்துச்சு. கிடா வெறும் எலும்பும் தோலும். சுட மனசு வரல. திட்டுங்க."

திரும்பி அக்காவைப் பார்த்தான். "தூங்கறாரா?"

"சொல்லு" என்றாள் ஐலா. "மெதுவாச் சொல்லு."

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, மரத்தில் ஏறியதிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். சமையலறையில் நின்று, துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை அவள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுகளா, சேதியோடு வீடு திரும்புகிறவர்களுக்கு உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு காது காத்திருக்கட்டும்.